மதிவாணன் மேடை

சித்திரை 5

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வது நான், எழுதுவது என் மருமகள் எழிலரசி. அவள் அறைக்குள் இருக்கிறாள். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வலை பின்னிக்கொண்டு இருக்கிறேன். தை மாதம் என் மகன், அவள் புருஷன் மதிவாணன் கடலில் போனதிலிருந்து நான் யாரிடமும் வாய் திறப்பதில்லையாம். "ஒரு நாளைக்கு நாலு வார்த்தையாவது சொல்லுங்க மாமா, எழுதி வைக்கிறேன்" என்றாள். துக்கம் காக்கிற அவளுக்கும் உள்ளே பொழுது போக வேண்டுமே. சரி என்றேன்.

நான் கொச்சையாகச் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். படித்துக் காட்டினாள். வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. அதுவும் நல்லதுதான்.

இன்று தெற்கிலிருந்து சோழகக் காற்று. தண்ணீர் வண்டி வரவில்லை.

சித்திரை 6

சாப்பிட்டேன். வேறொன்றும் இல்லை.

சித்திரை 8

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைமை நாட்டார் வீராசாமி இன்று தண்டோரா போடச் சொல்லியிருக்கிறார். மீன் கூடம் கட்டப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்களாம். கொடுத்த பணம் ஒழுங்காகப் பயன்பட்டதா, குறிப்பாகப் பெண்களுக்குப் பயன்பட்டதா என்று பார்க்க வருகிறார்களாம். எல்லாரும் வீட்டு வாசலைக் கூட்டி வைக்க வேண்டும்.

எங்கள் குப்பத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான ஆம்பிளை ஒவ்வொருவனும் ஒரு வரி. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு கொடுப்பது வரிப்படி. ஊருக்கு எது வந்தாலும் பங்கு பிரிப்பது வரிப்படி. ஆம்பிளை செத்துப்போனால் அந்த வீடு அரை வரி. என் அப்பா காலத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

சுனாமிக்குப் பிறகு வந்து இறங்கியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. படகு வந்தது, அடுப்பு வந்தது, ஒரு லாரி நிறையக் கம்பளி வந்தது. நான் அப்போது பஞ்சாயத்தில் இருந்தேன். வரிக்கு ஒரு கம்பளி. அரை வரிக்கு எப்படிக் கொடுப்பது? இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று தீர்த்தோம். அரை வரி வீட்டுக் கண்ணாத்தாளும் அவள் ஓரகத்தியும் ஒரே கம்பளியை மாதம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். வியர்த்து வழிகிற ஊர், கம்பளி யாருக்கு வேண்டும்? அதனால் சண்டை வரவில்லை.

இந்த மீன் கூடம் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. கடற்கரைச் சாலையோரம், தகரக் கூரை, பளிங்குபோல ஓடு பதித்த மேடைகள், மேடைக்கு மேடை குழாய். வாசலில் 'பெண்கள் மீன் விற்பனைக் கூடம்' என்று பெரிய பலகை. விற்பவர்கள் எல்லாரும் பெண்கள். மேடையைப் பங்கு பிரித்தது வரிப்படி, ஆம்பிளை பெயரில். எங்கள் மேடை தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அதில் மதிவாணன் என்று நீல மையில் எழுதியிருக்கிறது. கூடம் திறந்த நாளிலிருந்து எழிலரசி அதில் உட்கார்ந்து விற்றாள்.

இப்போது நாங்கள் அரை வரி. அரை வரிக்கு மேடை கிடையாது. மதிவாணனோடு அதே படகில் போன இன்னும் இரண்டு பேர் வீடும் அப்படித்தான். வந்து பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் மூன்று மேடையையும் வேறு ஆளுக்கு மாற்றுவார்கள். எங்களுடையது என் தம்பி மகன் தனவேலுக்கு.

சித்திரை 11

தனவேல் குழம்புக்கு மீன் கொண்டுவந்தான். தை மாதத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொண்டுவருகிறான். நல்ல பையன்.

"பெரியப்பா, நாட்டார் கேட்டாரு. நீங்க மனசோட விட்டுக் குடுக்குறதா ஒரு கைநாட்டு வச்சிட்டா நல்லதாம். வர்றவங்க ஏதாச்சும் கேட்டா காட்டலாமாம்."

"ம்."

"நான் ஒண்ணும் புடுங்கிக்கல. எம் பொண்டாட்டி ரோட்டுல குந்தி விக்கிறா. வெயிலு. அதான்."

"ம்."

"அண்ணிக்கும் புள்ளைக்கும் நான் செய்யாம வேற யாரு செய்வா?"

அறைக்குள் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அவன் எழுந்து போய்விட்டான். மீன் கிழங்கான். குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சித்திரை 12

கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. தனவேல் மீன் தருவான். நான் வலை பின்னுவேன். அவள் வெயிலில் போய் யார் யாரிடமோ பேச்சு வாங்க வேண்டாம். வீட்டிலேயே இருக்கட்டும். பேத்தி யாழினியும் என் கண் முன்னாலேயே வளரும். எல்லாம் இருக்கிறபடி இருக்கும்.

சித்திரை 17

நாலைந்து நாளாக எழுதவில்லை. எழிலரசிக்குக் கைவலி. ஆனாலும் அம்மியில் அரைத்தாள், இரண்டு வாளித் துணி துவைத்தாள். எழுதினால் மட்டும் வலிக்கிறதாம். இன்று பரவாயில்லை என்றாள்.

காரைக்காலிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தான். அவள் பேசினாள். என்ன பேசினான் என்று அவள் சொல்லவில்லை.

சித்திரை 20

அஞ்சலாட்சி வந்தாள். எனக்கு முறைப்பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மீன் கூடத்தில் எழிலரசிக்கு அடுத்த மேடை அவளுடையது. வாயைத் திறந்தால் கடற்கரை வரை கேட்கும். வந்ததும் வெற்றிலையை மடித்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். எனக்குப் பாதி, அறைக்குப் பாதி முகம் காட்டிப் பேசினாள்.

"ஏ மச்சான், வலையா பின்னுற? ஒன் கண்ணுக்கு அது வலையா தெரியுது, எனக்குப் பூசணிக் கொடி மாதிரியில்ல தெரியுது."

நான் பின்னிக்கொண்டே இருந்தேன். அவள் அறைப் பக்கம் திரும்பினாள்.

"இந்தாடி எழிலு, ஒன் எடத்துல இப்ப ஒரு பூனை குந்தியிருக்கு தெரியுமா? நிசமான பூனைடி. வெள்ளைப் பூனை. நானும் வெரட்டிப் பாத்துட்டேன். மதிவாணன் பேருல ஒக்காந்திருக்கு, அதுக்கு முழு வரி போல."

உள்ளே எழிலரசி சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்டேன். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

"வர்றவங்க பொம்பளைங்கள தனியா வச்சிப் பேசுவாங்களாம்" என்றாள் அஞ்சலாட்சி. "ஆம்பளைங்க யாரும் வரப்படாதாம். கோயில் தெருவு சமுதாயக் கூடத்துல. நீ வந்து சொல்லேண்டி, எம் மேடைய புடுங்குறாங்கன்னு."

"கோயில் தெருவுல நான் எப்படிக்கா வர்றது?"

தாலி இழந்தவள் வருஷம் திரும்பும் வரை கோயில் தெருவை மிதிக்கக் கூடாது. அஞ்சலாட்சிக்கும் அது தெரியும். அவளும் அப்படி ஒரு வருஷம் இருந்தவள்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"அப்ப ஒனக்காக நான் சொல்லட்டுமா? எம் புருசன் பேரு போனதும் எம் மவன் பேருல மாத்தி எழுதுனாங்க. அதனால எம் பொழப்பு ஓடுது. எனக்கு மவன் இருக்கான். ஒனக்குப் பொண்ணு. நான் வாயத் தொறந்தா எம் மவனைக் கூப்புட்டு அதட்டுவானுங்க."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"மச்சானுக்கு என்ன பயம் தெரியுமாடி? மேடை இருந்தா நீ சொந்தக் காலுல நிப்ப. நின்னா ஒரு நாளு கெளம்பிடுவ, புள்ளையத் தூக்கிக்கிட்டு."

வலையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்தேன்.

சித்திரை 24

வந்துவிட்டார்கள். மஞ்சள் முடி வைத்த உயரமான ஒருவர், பெயர் ஆன்ட்ரியாஸ். கூடவே பிரமீளா என்று ஒரு அம்மா, திருச்சிப் பக்கம். நாற்பது வயது இருக்கும். அவர் பேசுவதை இவர் தமிழில் சொல்கிறார், ஆனால் அவரைவிட இவர்தான் அதிகம் கேட்கிறார்.

மீன் கூடத்தைச் சுற்றிக் காட்டினார் நாட்டார். நானும் ஊர்ப் பெரியவர்களோடு பின்னால் போனேன். குழாயைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. சாக்கடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஓடியது.

பிரமீளா அம்மா ஒவ்வொரு மேடையாகப் படித்துக்கொண்டே வந்தார். "பொம்பளைங்க கூடத்துல ஏன் எல்லாம் ஆம்பளைங்க பேரா இருக்கு?"

"சும்மா ஒரு அடையாளத்துக்குத்தாம்மா" என்றார் நாட்டார். "தபால்காரன் வந்தா யாரு வூடுன்னு கேக்குறதில்லையா, அது மாதிரி. விக்கிறது பூரா எங்க பொம்பளைங்கதான். மகாராணிங்க மாதிரி விக்கிறாங்க."

"இந்த மேடை?" தெற்கு ஓரத்தில் நின்று கேட்டார். மேடை வெறுமையாக இருந்தது. பூனையும் இல்லை.

"அது... இப்ப விக்கிறதில்லை. அவங்களுக்கு இஷ்டமில்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேடையைப் பார்த்தேன். ஓடு காய்ந்து வெளுத்திருந்தது. மதிவாணன் தானே தேய்த்துக் கழுவுவான்.

ஆன்ட்ரியாஸ் சோடா குடித்தார். மூக்கில் ஏறிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சித்திரை 25

இன்று பெண்கள் கூட்டம். காலையில் சவரம் செய்துகொண்டேன். எதற்கு என்று எழிலரசி கேட்கவில்லை. அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஆயி, ஒனக்கு அந்த மேடை வேணுமா?"



"வேணும் மாமா."

அவ்வளவுதான் கேட்டேன். வேட்டி மாற்றிக்கொண்டு கோயில் தெருவுக்குப் போனேன்.

சமுதாயக் கூடம் நிறையப் பெண்கள். புதுப்புடவை, தலை நிறையப் பூ. மேலே மின்விசிறி சுற்றியது. அஞ்சலாட்சியைத் தவிர ஒருத்திக்கும் வெறும் நெற்றி இல்லை. நான் போய்க் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தேன். பேச்சு சட்டென்று நின்றுபோனது. "கெழவனுக்கு என்ன கேடு, பொடவை கட்டிக்கிட்டு வந்திருக்கலாமில்ல" என்று எவளோ சொன்னாள். சிரிப்பு.

பிரமீளா அம்மா எழுந்து வந்தார். குனிந்து மரியாதையாகச் சொன்னார்.

"ஐயா, மன்னிக்கணும். இது பெண்களுக்கு மட்டும் நடக்கிற கூட்டம். ஆண்கள் ஒருத்தர் இருந்தாலும் அவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. எல்லா ஊர்லயும் இதுதான் எங்க முறை."

"நான் எம் மருமவளுக்காக வந்தேன்மா."

"அவங்களையே வரச் சொல்லுங்க. அவங்க குரலைத்தான் நாங்க கேக்கணும், அவங்களுக்காக நீங்க பேசக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, அஞ்சலாட்சி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. கை தட்டினார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே வந்தவர்களுக்கு.

வெயில் மேலே ஏறிய பிறகு கூட்டம் கலைந்தது. பிரமீளா அம்மா நான் இருப்பதைப் பார்த்து நேராக வந்தார்.

"இன்னும் போகலையா ஐயா? உங்க மருமகள் ஏன் வரலை, உடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. தெருவு."

"தெருவா?"

"இது கோயில் தெருவு. எம் மவன் தை மாசம் கடல்ல போயிட்டான். வருசம் திரும்புற வரைக்கும் அவ இதுல கால் வைக்கப்படாது. இன்னும் ரெண்டு பொண்ணுங்களும் வைக்கப்படாது. யாரோட மேடை போவுதோ அவங்க மூணு பேருந்தான் இங்க வர முடியாதவங்க."

அந்த அம்மா தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல புடவை.

"இங்க கூட்டம் வைக்கச் சொன்னது உங்க நாட்டார் இல்லை ஐயா. அவர் ஏலக் கொட்டகையிலே வைக்கலாம்னு சொன்னார். நான்தான் மீன் நாத்தத்துல வேண்டாம், பெண்களுக்கு மரியாதையான இடம், காத்தாடி இருக்கிற இடம் வேணும்னு கேட்டேன். அதனால இங்க குடுத்தாங்க."

வேப்பம்பூ உதிர்ந்து அவர் தலையில் விழுந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சித்திரை 26

காலையில் பிரமீளா அம்மா தனியாக வந்தார். ஜீப் இல்லை, நாட்டார் இல்லை. கடற்கரை மணல் வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். கொஞ்சம் பொறுத்து மற்ற இரண்டு பெண்களும் அதே வழியாக வந்தார்கள். அஞ்சலாட்சி அழைத்து வந்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

"தெரியும்மா. நான் போயிடுறேன்."

யாழினியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். கவிழ்த்து வைத்த படகு நிழலில் உட்கார்ந்தோம். அவள் நண்டு வளைக்குள் குச்சி விட்டாள். நண்டு வரவில்லை.

"தாத்தா, உள்ள அம்மா அழுவுதா?"

"தெரியாது."

"நீ அழுவுறியா?"

"இல்ல. காத்து."

அது உண்மைதான். சோழகம் மணலை வாரி அடித்தது. இந்த இடத்துக்கு வடக்கே அரை மைல் தூரத்தில்தான் அவன் ஒதுங்கினான். நான்தான் போய் அடையாளம் சொன்னேன். அதைப் பற்றி இங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது யாரும் இல்லை. தேநீர்க் குவளைகள் கவிழ்த்து வைத்திருந்தன. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் எழுதவில்லை.

சித்திரை 28

வீராசாமி நாட்டார் வீட்டுக்கு வந்தார். தனவேலும் வந்தான். நாட்டார் என்னைவிட இளையவர், என் வலையில் ஒரு காலத்தில் ஆளாக வந்தவர். அதனால் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணே, அந்தம்மா மணல் வழியா வந்ததா சொல்றாங்க. என்ன கேட்டிச்சு?"

"நான் இல்லை. என்னையும் வெளிய அனுப்பிட்டாங்க."

"ஒங்க வூட்டுலேருந்தே ஒங்களையா?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "பாருங்கண்ணே, இன்னும் மூணு நாள்ல கடைசிக் கூட்டம். அவங்க பார்த்ததை ஊருக்கு முன்னால சொல்லுவாங்க. அடுத்து ஐஸ் அறை கட்டித் தரணும்னு நாம கேட்டிருக்கோம். ஐஸ் இல்லாம நாம யாருகிட்ட என்ன பாடு படுறோம்னு ஒங்களுக்குத் தெரியும். மூணு வூட்டுக்காக ஊரு கெடணுமா? வழக்கம் நான் உண்டாக்குனதா? நீங்க பஞ்சாயத்துல இருந்தப்ப என்ன வழக்கமோ அதுதான் இப்பவும்."

அவர் சொன்னது சரி.

ஒரு தாளை நீட்டினார். தனவேல் மைப்பெட்டியைத் திறந்தான். வேறொரு நாளாக இருந்திருந்தால் வைத்திருப்பேனோ என்னவோ. எனக்கு இப்போதெல்லாம் எதையும் வேண்டாம் என்று சொல்லும் தெம்புகூட இல்லை. ஆனால் விரலில் மை ஒட்டிய பிறகு தாளை அறைப் பக்கம் நீட்டினேன்.

"ஆயி, இதுல என்ன இருக்குன்னு படி."

கதவு இடுக்கில் அவள் கை வந்து தாளை வாங்கியது. படித்தாள். ரேஷன் கடைப் பலகையைப் படிப்பதுபோலப் படித்தாள். "என் மருமகள் எழிலரசிக்கு இனிமேல் மீன் விற்பனைக்குச் செல்ல விருப்பம் இல்லை என்பதாலும், எங்கள் குடும்பத்தார் முழு மனதோடு..."

"விருப்பம் இல்லைன்னா எழுதியிருக்கு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு மாமா."

நாட்டார் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப எழுதுனவன் கைநாட்டு வைக்கட்டும்" என்றேன். விரலை வேட்டியில் துடைத்தேன்.

"பெரியப்பா" என்றான் தனவேல்.

"ஒன் வூட்டுக்காரிக்கும் வெயிலுதான்டா. அதுக்கு வேற எடம் கேளு. நானும் வந்து கேக்குறேன்."

அவன் மைப்பெட்டியை மூடிக்கொண்டு போனான். மூடி சரியாகப் பொருந்தவில்லை, வாசல் முழுக்க நீலச் சொட்டு. வேட்டியில் பட்டதும் போகவில்லை.

சித்திரை 29

மீன் வரவில்லை. ரசம்.

சித்திரை 31

கடைசிக் கூட்டம் ஏலக் கொட்டகையில் நடந்தது. அந்த அம்மா இந்த முறை இடத்தை எழிலரசியிடம் கேட்டு முடிவு செய்ததாக அஞ்சலாட்சி சொன்னாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மூன்று பேரும் மணல் வழியாக வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அஞ்சலாட்சியைத் தவிர.

பிரமீளா அம்மா தாளைப் பார்க்காமல் பேசினார்.

"முடிவு எடுக்கிறது நான் இல்லை. பார்த்ததை எழுதுறது மட்டும்தான் என் வேலை. கூடம் உறுதியா இருக்கு. தண்ணி வருது. பெண்கள் விக்கிறாங்க. இதையெல்லாம் எழுதுவேன். புருஷன் செத்தா அவளுக்கு மேடை இல்லை, அதையும் எழுதுவேன். அவ புருஷன் பேருல உட்கார்ந்தா, அது அவளுக்குக் குடுத்த இடம் இல்லை. இரவல். முதல் நாள் நான் வந்து எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். வரமுடியாதவங்க யாருன்னு கேக்காம விட்டேன். அது என் தப்பு, அதையும் சேர்த்து எழுதுறேன்."

ஆண்கள் பக்கம் இரைச்சல். நாட்டார் கையைக் காட்டி அடக்கினார். "அரை வரிக்கு மேடை கிடையாதுன்னு காலங்காலமா..."

"நான் பேசலாமா?" என்று ஒரு குரல். எழிலரசி எழுந்து நின்றாள்.

"நான் அரை ஆளா மீன் விக்கல. ஏலத்துல எனக்கு யாரும் பாதி வெலைக்குக் கூடை குடுக்கல. முழுக்கூடைதான் தலையில தூக்குனேன். எம் புருசன் இருந்தப்பவும் நான்தான் தூக்குனேன். எனக்கு அந்த எடம் வேணும். எம் பேருல வேணும்."

உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்க, முழுக்கூடையாம்" என்று அஞ்சலாட்சி யாரிடமோ சொன்னாள்.

ஆன்ட்ரியாஸ் பிரமீளா அம்மாவிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மா சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

எழிலரசி இன்று இவ்வளவையும் கை வலிக்காமல் எழுதினாள்.

வைகாசி 3

பஞ்சாயத்து கூடியது. ஐஸ் அறை எல்லாருக்கும் வேண்டும். அதனால் விற்கிறவள் பெயரிலேயே மேடை என்று தீர்மானம். வரிக் கணக்கு வரிக் கணக்காகவே இருக்கும், அதைத் தொட மாட்டார்களாம். தனவேலுக்கு வாசல் பக்கம் புது மேடை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி நானும் போய் அதைக் கேட்டேன்.

"ஐஸ் அறை வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. யார் சொன்னது என்று தெரியும். எழுத வேண்டாம்.

வைகாசி 6

மேடைகளில் பெயர் மாற்ற வண்ணக்காரன் வந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஐந்து எழுத்தின் உருவம் தெரியும். ஓரத்தில் நின்று பார்த்தேன். முதலில் வெள்ளை அடித்தான். ஒரு தடவையில் மறையவில்லை, நீலம் கீழே தெரிந்தது. இரண்டாவது தடவை அடித்தான். மறைந்துவிட்டது.

"காயணும் தாத்தா, அப்பறந்தான் புதுசு எழுதலாம். நீங்க போங்க" என்றான்.

காயும் வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எழிலரசி கேட்டாள், "எழுதிட்டாங்களா மாமா?" எழுதிவிட்டார்கள் என்றேன். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

வைகாசி 7

தெருவில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வைகாசி 9

இன்று எழிலரசி கூடத்துக்குப் போனாள். விடியலில் ஏலத்துக்குப் போய் சங்கரா மீன் ஒரு கூடை எடுத்தாள். போகும்போது என்னிடம் பால் வாங்கச் சில்லறை கொடுத்தாள்.

பால்காரன் வரத் தாமதம். யாழினியைக் கூட்டிக்கொண்டு மெல்ல அந்தப் பக்கம் நடந்தேன். கூடத்தில் நல்ல கூட்டம். டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர்கள், உணவகத்துக்காரர்கள். அஞ்சலாட்சி மேடையில் கத்தி நிற்கவில்லை. எழிலரசி மேடையில் சங்கரா அடுக்கியபடி இருந்தது. சிவப்பு மங்கவில்லை. அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருவர் வந்து நின்றார், மீனை அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தார். "போணி ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள். "வர்றேன்" என்று நகர்ந்து அடுத்த மேடைக்குப் போனார். தாலி இழந்தவள் கையால் அன்றைய முதல் வியாபாரத்தை வாங்க யாருக்கும் பிடிக்காது. முதல் ஆள் வாங்கிவிட்டால் பிறகு வருகிறவர்களுக்குத் தோஷம் இல்லை. முதல் ஆளாக யாரும் இருக்க மாட்டார்கள். இன்னொரு அம்மாவும் அதையேதான் கேட்டாள். ஆனது என்று பொய் சொல்லலாம். எழிலரசி சொல்லவில்லை.

"ஆயிடுச்சின்னு சொல்லித் தொலையேண்டி" என்றாள் அஞ்சலாட்சி, தலையை நிமிர்த்தாமல். "ஒன் வாயி என்ன தேய்ஞ்சா போவும்?"

"ஆவலையே அக்கா."

இதற்கு எந்தக் கூட்டத்தில் போய் என்ன சொல்வது? அந்தத் திருச்சி அம்மா எதை எழுதுவார்?

நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சங்கரா என்னம்மா வெல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கை தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

"கிலோ முன்னூறு."

"அநியாயமா இருக்கே. அந்தப் பக்கம் எரநூத்தி அம்பதுங்குறாங்க."

"அந்தப் பக்கம் போய் வாங்கிக்கங்க. அது நேத்து மீனு. இது விடியல்ல எடுத்தது. செவுளத் தொறந்து பாருங்க."

திறந்து பார்த்தேன். நல்ல சிவப்பு. "எழுவத்தஞ்சு கொறச்சுக்க."

"ஒரு பைசா கொறையாது. போணி நேரத்துல பேரம் பேசாதீங்க."

பக்கத்து மேடைகளில் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது. மடியிலிருந்து சில்லறையை எடுத்து ஓட்டின் மேல் வைத்தேன். அவள் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது பால் காசுதானே?" குரலைத் தாழ்த்தினாள்.

"ஆமா."

"இதுக்குக் கால் கிலோகூட வராது."

"வர்றதைக் குடு."

சின்னதாக ஒரு மீனை எடுத்தாள். செதில் சீவினாள், வயிற்றைக் கிழித்துக் கழுவினாள், துண்டு போட்டாள். காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எல்லாரும் செய்வதுபோல.

"தாத்தா, நாம பாலு வாங்கலியா?" என்று யாழினி கேட்டாள். யாரோ சிரித்தார்கள்.

முதலில் மீனை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அப்போது எனக்கு அது தெரியவில்லை. மீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போக மனமில்லை. புது நீல எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்கியாச்சுல்ல மாமா, நகருங்க" என்றாள் எழிலரசி. "ஆளு மறைக்குது."

நகர்ந்தேன்.